நாலரை மீட்டர் விறைப்பு

பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தேன்.
துணி, பலகைபோலத் தானாக நின்றது.
லினன் நெசவு. மழைக்கு முந்திய வானத்தின் நிறம்.
"பிள்ளையைச் சுமக்கவா, கூரை வேயவா?"
என்றாள் போக்னா.
ஏழாம் மாதம். எதைப் பார்த்தாலும் அவளுக்குச் சிரிப்பு,
சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு அழுகை.
அன்று இரண்டும் வந்தன.

துவைத்தோம்.
ஈரம் முழுக்கக் காயுமுன் ஆவி பறக்க இஸ்திரி போட்டோம்.
காலையில் பார்த்தால்
சமாதானமாகாத சம்பந்திபோல
மறுபடி முறுக்கிக்கொண்டு கிடந்தது.

விற்றவள் சீட்டில் கடைசி வரி:
எதுவும் பலிக்காவிட்டால் மேலே உட்காருங்கள்.

உட்காருவது என் தொழில்.
வூச் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்.
விடிகாலை நாலு ஐம்பதுக்குப் பணிமனை,
பிறகு எட்டு மணி நேரம் ஒரே இருக்கை.
எட்டாக மடித்து அடியில் போட்டுக்கொண்டேன்.

மீன்கடை வளைவில் தண்டவாளம் பெயர்ந்திருக்கும்,
வண்டி தூக்கிப்போடும்.
ஒன்பது வருடமாக அங்கே நகராட்சியைத் திட்டுவேன்.
இப்போது
நல்லா இடி, இன்னொருமுறை இடி
என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

ஓய்வறையில், கக்கத்தில் துணியோடு நான் நுழைய
வித்தோல்ட் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
"மூலமா?"
"இல்லை. மகள்."

மாலையில் ஒரு முனையை வெப்பக்குழாயில் கட்டிப்
பின்னுவோம், பிரிப்போம்.
பக்கத்து வீட்டுக் க்னியெவ்கோ, ஆறு வயது,
கயிறு இழுக்கும் போட்டி என்றே நினைத்தான்.
ஒவ்வொரு முறையும் ஜெயித்தான்.
மேசைக்கடியில் தூளி கட்டினால்
பூனை முதலில் ஏறிப் படுத்தது.
என் நெஞ்சில் முதன்முதலாகக் கட்டிச் சுமந்தது
நாலு கிலோ உருளைக்கிழங்கு.
ஒன்று நழுவி அடுப்படிக்குள் உருண்டது.
போக்னா அதற்குச் சிரிக்கவில்லை.

ஜனவரி முடிவதற்குள்
துணி கையில் வழிய ஆரம்பித்தது.
முடிச்சு போட்டால் கேட்டது.
மோதிரத்துக்குள் நுழைத்துப் பார்த்தாள்,
முழு நீளமும் போயிற்று,
பிறகு மோதிரம் அவள் விரலுக்குத்தான் போகவில்லை,
விரல்கள் அப்படி வீங்கியிருந்தன.

யகோடா பிறந்தது பனி சேறாகும் வாரத்தில்.
இவ்வளவு பாடுபட்டு மெத்தென்று ஆக்கிவைத்த துணி
அவளுக்குப் பிடிக்கவில்லை.
கட்டினால் வில்லாக வளைந்தாள்.
முதுகு விறைப்பு, முட்டி விறைப்பு,
அழுகைகூட வளையாத அழுகை.
பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்ததுபோல.

மூன்று மணி. போக்னா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.
பாட்டு எனக்கு வராது.
தெரிந்ததைச் சொன்னேன்:
அடுத்த நிறுத்தம், பழைய சந்தை.
அடுத்த நிறுத்தம், கண் மருத்துவமனை.
சமையலறைக்கும் கதவுக்கும் நடுவே பதினொரு அடி,
அதற்குள் ஊர் முழுக்கப் போய்வந்தோம்.
மீன்கடை வளைவில்
குதிகால் தூக்கி மெல்ல இறங்கினேன்,
வண்டி இறங்குவதுபோல.

இன்னொருமுறை.

என் கழுத்தடியில் மூச்சு நீளமானது.
துணிக்குள் கால்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.
என் தோள்களும் இறங்கின. அதுவரை
அவற்றைக் காதருகே தூக்கிவைத்திருந்தேன்
என்பதே எனக்குத் தெரியாது.
உட்காரத் துணிவில்லை.
ஜன்னல் வெளுக்கும்வரை நின்றேன்.

விடுப்பு முடிந்து திரும்பிய அன்று
இருக்கையில் வெறும் இருக்கை.
மீன்கடை வளைவில் வண்டி தூக்கிப்போட்டது,
இடுப்பெலும்பு வரைக்கும் வலி.
வலது கை தானாக நெஞ்சுக்குப் போய்
அங்கே இல்லாத ஒரு தலையைத் தாங்கிற்று.
அப்புறம்
பிரேக்குக்குத் திரும்பியது.